வான் பாய்தல்

ஒன்பதாம் வகுப்பு வினுசியா
கட்டுரைக் கொப்பியின் கடைசித் தாளில்
எழுதியிருந்தாள்:

நேற்று வான் பாய்ந்தது

அம்மா வரவில்லை

அட்டனிலிருந்து மாற்றலாகி வந்து
எனக்கு அது பதினோராம் நாள்.
யாரையும் கேட்கவில்லை.
வான் என்றால் எனக்குத் தெரியாதா?
வானம் எழுந்து பாய்வதைக் கண்ணால் கண்டு
'அருமையான படிமம்' என்று
சிவப்பில் எழுதி
இரட்டைக் கோடும் போட்டேன்.

சனிக்கிழமை
ஒட்டுசுட்டான் தாண்டி பஸ் நின்றது.
"குளம் வான் பாயுது டீச்சர்,
இனி அங்கால போகேலாது"
என்றார் கொண்டக்டர், கச்சான் உடைத்தபடி.
இறங்கிப் பார்த்தேன்.
முத்தையன்கட்டு நிரம்பி
வான்கட்டைத் தாண்டி வழிந்து
வீதி முழுக்க முழங்கால் தண்ணீர்.
அந்தப் பக்கம்
ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள்
செருப்பைக் கையில் பிடித்தபடி
இந்தப் பக்கம் பார்த்து நின்றார்கள்.

படிமமே இல்லை.
நடந்ததைத்தான் எழுதியிருக்கிறாள்.

திங்கள் கொப்பியைத் திரும்ப வாங்கினேன்,
என் சிவப்பை வெட்டிவிட.
பேனையை வைக்கும்போதுதான் கண்டேன்:
இரண்டு வரிக்கும் நடுவே
ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறாள்.
கோடு போட்ட அன்று
அதை நான் வாசிக்கவேயில்லை.

முழங்காலளவு இருக்கும்.