ஈயத்தின் இடப்பக்கம்

சாஸ்கட்டூனில் அன்று வெளியே மைனஸ் நாற்பது.
காந்தத்தின் வயிற்றுக்குள்ளும் மைனஸ் நாற்பதே வைத்திருந்தேன்.
இரண்டுக்கும் நடுவே இந்த நிலவறை,
இருபத்தொரு டிகிரி, ஒரு கெட்டில், ஒலேனா, நான்.

குழாய்க்குள் அவளுடைய பதினான்கு மாதம்:
ஒரு காரீயம்,
அதைத் தொட்டுக்கொண்டு ஒரே ஒரு ஹைட்ரஜன்,
வேறு யாரும் நெருங்கிவிடாதபடி
சுற்றிலும் புதர் புதராய்க் கார்பன் வேலி.
சூடு பட்டால் பிரிந்துவிடும்.
விடிவதற்குள் பார்த்தாக வேண்டும்.

பன்னிரண்டிலிருந்து பூஜ்யம்வரை தேடினோம்.
வேலியின் கோடுகள் வந்தன,
கல்யாண வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம் வருவதுபோல
கூட்டமாக, முன்வரிசையிலேயே உட்கார.
ஹைட்ரஜனைக் காணோம்.

உலோகத்தோடு சேர்ந்த ஹைட்ரஜன் வலப்பக்கம் ஓடும் என்றாள்.
இரிடியத்தையே பார்த்துப் பழகிய கண் எனக்கு,
நானும் தலையாட்டினேன்.
மைனஸ் பத்து.
மைனஸ் முப்பது.
மைனஸ் ஐம்பது.
அறுத்த வயலின் தாள்போல
ஒரே உயரத்தில் இரைச்சல்.

மேல்வீட்டு வெள்ளீயத்தின் ஹைட்ரஜன்
ஒன்பதை ஒட்டிச் சாதுவாக நிற்கும்.
கீழ்வீடும் அப்படித்தான் என்றது அவள் போட்ட கணக்கு.
ஆறு மணி நேரக் கணக்கு அது,
ஒரு கட்டத்தில் டிக் போடாமல் விட்டது.
போட்டால் ஒன்பது நாள் ஆகும்.
யாருக்கு இருக்கிறது ஒன்பது நாள்?

இரண்டே காலுக்கு அவள் தலையை மேசையில் வைத்தாள்.
அழவில்லை. மேசை குளிர்ச்சியாக இருக்கிறது என்றாள்.
ஹீலியம் மட்டும் குழாயில் சீறிக்கொண்டிருந்தது.

மூன்றாம் மாடி ஆர்னேயிடமிருந்து
அப்போதுதான் வந்தது ஒரு வரி.
யாரிடமும் சொல்லாமல் டிக் போட்டு
ஒன்பது நாளாய் ஓட்டியிருக்கிறான் மனிதன்.
"இடப்பக்கம் பார்த்தீர்களா?"

எண்பத்திரண்டு புரோட்டான் இழுக்கிற இழுப்பில்
ஈயத்தின் உள்ளறை எலக்ட்ரான்
ஒளி வேகத்தில் பத்தில் ஆறு பங்கு ஓடுகிறது.
ஓடுவதால் கனம், கனத்தால் நெருக்கம்.
அந்த அவசரம் வெளியறைவரை கேட்கிறது:
சுழற்சி பாதையோடு கைகோத்துக்கொள்ள,
அந்தக் கோணல்
பிணைப்பின் வழியே நடந்து
பக்கத்துப் புரோட்டானின் தலைக்கு மேலிருந்த
குடையைப் பிடுங்கிக்கொண்டு போகிறது.
இரிடியம் குடை விரிக்கும்.
ஈயம் பிடுங்கும்.
ஹைட்ரஜனைக் கேட்டால்
நான் எதுவும் செய்யவில்லை என்றுதான் சொல்லும்.
உண்மைதான், அது எதுவும் செய்யவில்லை.

சாளரத்தை முப்பத்தைந்துக்குத் தள்ளினேன்.
முதல் துடிப்பு, எட்டாவது, அறுபத்து நான்காவது.
இருந்தது.
யாரும் விளக்குப் போடாத அறையில்
இவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தவர்போல,
குட்டையாக, நேராக,
இரு பக்கமும் ஒவ்வொரு சின்னக் கோட்டோடு:
ஐந்தில் ஒரு ஈயத்துக்குத்தான் பேசும் கரு உண்டு,
அது பேசிவிட்டது.

ஒலேனா திரையைத் தொட்டுப் பார்த்தாள்.
ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை,
அந்தப் பழமொழியை அவளுக்கு விளக்க முயன்றேன்.
பித்தளை ஏன் இளிக்க வேண்டும் என்று கேட்டாள்.
பதில் தெரியவில்லை. சிரித்தோம்.
காலை ஆறுக்குள் கோடு பாதியாகத் தேய்ந்தது,
எட்டுக்கு இல்லை.
கோப்பில் இருக்கிறது.

வாகனத் திடலில் மூச்சு தாடியில் உறைந்தது.
கம்பத்து மின்சாரத்தில் இரவெல்லாம்
எஞ்சினைச் சூடுபடுத்திக்கொண்டிருந்தது என் பழைய கார்.
சாவியைத் திருப்பினேன்.
முனகியது, இருமியது, கிளம்பியது.
அந்த பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டில் பத்து
அதே உள்ளறை ஓட்டத்தின் உபயம் என்பான் ஆர்னே.
அதை நினைத்துக்கொண்டே
ஒயரைக் கழற்ற மறந்து
எட்டாவது தெருவரைக்கும்
இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.