ஒப்படைப்பு ரசீது

தேர்தல் தேதி சொன்ன மூன்றாம் நாள்
ஓட்டேரி ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போனோம்,
நானும் இரண்டு துப்பாக்கிகளும்.
"உள்ள கீபோர்டாக்கா?" என்றார் டிரைவர்.
தலையாட்டிவைத்தேன்.
பொய்க்குத் தோதான நீளம்.

ரைட்டர் பூங்காவனம்
மேஜைமேல் பேப்பர் விரித்துக் கிடத்தச் சொன்னார்.
"ரெண்டும் பாயிண்ட் ட்வென்ட்டி டூ.
எதுக்கும்மா ரெண்டு?"
ஒரே நிறத்தில் இரண்டு புடவை எடுத்தவளைக் கேட்பதுபோல.

சொன்னேன்.
இது தானே நிரப்பிக்கொள்ளும்.
ஒன்று போனதும் அடுத்தது வந்து நிற்கும்,
டோக்கன் நம்பர் மாறியதும்
என் கேஷ் கவுன்டருக்கு எழுந்து வருகிறவர்களைப் போல.
இரும்புத் தகடுகளை வரிசையாய்ச் சாய்க்கும் போட்டிக்கு
இதுதான் ஆகும்.
அழுக்குக்குக் கோபித்துக்கொள்ளும்.
மலிவுத் தோட்டா போட்டால் ஏழாவதில் திக்கும்.

அது, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துக் கேட்கும்.
தூக்கு, இழு, தள்ளு, தாழ்த்து.
நாலுக்கும் நடுவே ஒரு மூச்சு.
ஆவடி தாண்டி எங்கள் கிளப்பின் மண்மேட்டில்
ஐம்பது மீட்டரில்
பத்துக் குண்டும் ஒற்றை ரூபாய்க் காசுக்குள் உட்காரும்
மனசு சரியாக இருந்தால்.
இல்லாவிட்டால்
அதையும் அட்டையில் அச்சடித்துக் காட்டிவிடும்.

சொல்லாமல் விட்டது:
இரண்டையும் செய்தவர்கள் வலக்கைக்காரர்கள்.
நான் பீச்சாங்கை.
முதலாவது துப்பும் சுடுகூடு
என் மூக்குக்குக் குறுக்கே பறக்கும்.
ஒருமுறை காலருக்குள் விழுந்து வைத்த பொட்டு
கழுத்தில் இன்னும் இருக்கிறது.
இரண்டாவதில் ஒவ்வொரு முறையும்
கை தாண்டிப் போக வேண்டும்,
பந்தியில் பக்கத்து இலையைத் தாண்டி
உப்பு எடுப்பதுபோல.

"அடையாளக் குறி?"
முதலாவதின் கட்டையைத் திருப்பினார்.
"ஏழு கீறல் இருக்கே?"
பெரம்பூரில் டெரன்ஸ் டிக்ரூஸ் வீட்டம்மாவிடம் வாங்கியது.
முயலாக இருக்கலாம்,
வேட்டையைச் சட்டம் நிறுத்துவதற்கு முன்.
பிள்ளைகள் காம்பஸால் கிறுக்கியதாகவும் இருக்கலாம்.
அவர் எழுதினார்:
கீறல் ஏழு. காரணம் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தார்.
"இதெல்லாம் பூவும்மா.
எங்க எஸ்.எல்.ஆரும் தானா நிரப்பிக்கிறதுதான்.
நாலரைக் கிலோன்னு சொல்வாங்க.
ராத்திரி மூணு மணிக்குப் பன்னெண்டு இருக்கும்.
பத்தொம்பது வருஷத்துல
வருஷத்துக்கு ஒரு தடவ அட்டையச் சுட்டதுதான்.
மிச்சமெல்லாம் சும்மா சொமந்தது.
போன எலெக்‌ஷனுக்கு
பெட்டி வச்ச ரூம் வாசல்ல இருவத்திரெண்டு நாள்.
ஒரு பூனைய வெரட்டுனேன்."
இடது தோளைத் தேய்த்துக்கொண்டார்.
"எது நல்லாருக்குன்னு
எங்கள யாரும் கேட்டதில்ல."

குறிப்பு நோட்டில்
துல்லியம், வேகம், பின்னுதைப்பு, விலை என்று
கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
சுடாமல் சுமப்பதற்கு
அதில் கட்டமே இல்லை.

சணலில் சீட்டுக் கட்டி
நகைக்கடை வாட்ச்மேனின் இரட்டைக்குழலுக்குப் பக்கத்தில்
இரண்டையும் நிறுத்திப் பூட்டினார்.
ரசீதைப் பர்சில் மடித்துக்கொண்டேன்.
வீட்டில் சுவரில் ஒரு புள்ளி வைத்து
வெறுங்கையோடு நின்று பழகினேன்,
குக்கர் விசில்களுக்கு இடையே.

வாக்குச்சாவடியில்
"லெஃப்ட் ஹேண்ட்" என்றார் அதிகாரி.
ஆள்காட்டி விரலை நீட்டினேன்.
விசைக்கென்றே நகம் ஒட்ட வெட்டி
ஆறு வருடம் பழக்கிய விரல்.
மை கொஞ்சம் குளிர்ந்தது.

பள்ளிக்கூட வாசலில்
வேப்பமர நிழல் எட்டாத இடத்தில் பூங்காவனம்,
தோளில் அது.
"எவ்வளவு?" என்றேன்.
வாட்சைப் பார்த்தார்.
"இப்பதான் பத்து மணி.
ஆறு கிலோ."