பதினேழாம் எண்

இரண்டரை கிராம். இரண்டு புளியங்கொட்டை.
அதற்கு மேல் கட்டினால் சிற்றாந்தைக்குச் சுமை என்பது
எங்கள் கணக்கு. அதனிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தக் கருவி பேசாது.
எங்கே இருந்தோம் என்பதை மட்டும்
மனசில் வைத்திருக்கும்.
ஆகவே பறவையை மறுபடி பிடிக்க வேண்டும்.
இராதாபுரத்துக்குத் தெற்கே, அதே உடங்காட்டில்,
காற்றாலைகள் ராத்திரி முழுக்கக் காற்றை அரிந்துகொண்டிருக்க,
பதினோரு இரவு வலைகட்டி உட்கார்ந்தோம்
நானும் பூலுடையாரும்.
விழுந்தவை வௌவால்கள். ஒரு பக்கி.
ஒரு தடவை, ஜவுளிக்கடைப் பை.

பன்னிரண்டாம் இரவு பதினேழு வந்தது.
போன ஐப்பசியில் என் கட்டைவிரலைக் கடித்த
அதே மஞ்சள் கோபம்.
எடை, ஒரு கிராம் கூட.
வாரை நறுக்கிக் கையை விரித்தேன்.
போன சத்தம்கூடக் கேட்கவில்லை.

விடியுமுன் புள்ளிகள் இறங்கின.
உடங்காடு, உடங்காடு, குளத்தங்கரை, உடங்காடு.
பிறகு கார்த்திகை நாலாம் தேதி
கரையை விட்டுத் தென்கிழக்கே ஒரு கோடு.
முப்பத்தெட்டு கிலோமீட்டர் கடல்.
அங்கிருந்து
திரும்பியிருக்கிறது.

காற்று எதிர்த்திருக்கும், என்றார் நெறியாளர் சென்னையிலிருந்து.
இல்லையென்றால் கருவிப் பிழை. நீக்கிவிடு.

நான் வேகத்தைப் பார்த்தேன்.
போனது மணிக்கு நாற்பது.
வந்தது பதினான்கு,
கூடாமல் குறையாமல், கூத்தங்குழிக்கு நேராக.
சிறகு இப்படி வராது.
இது என்ஜின்.

ஏலக்கூடத்தில் விசாரித்தேன். மூன்று பேர் சிரித்தார்கள்.
தொம்மை சிரிக்கவில்லை.
வலையிலிருந்து ஒரு நண்டைக் கால்காலாக விடுவித்தபடி,
"ஆமா, வந்துச்சு. வலைக்கு மேல இருந்துச்சு.
பாடே இல்லாத ராத்திரி. ஆந்தை வேறயான்னு
பய தொடுப்பத் தூக்கிட்டான்.
ஏல, களைச்சு வந்தத அடிக்காதன்னேன்.
கோயில் வெளக்கு தெரியவும் அதுவாப் போயிட்டு.
முதுகுல கம்பி நீட்டிட்டு நின்னுச்சே,
உங்களுதா?"

படகிலும் ஒரு ஜிபிஎஸ், எல்லைக்கோடு தாண்டாமலிருக்க.
ஓரடி தள்ளித் தள்ளி இருந்துகொண்டு
இரண்டும் அன்றிரவு
ஒரே இடங்களை எழுதியிருக்கின்றன.

நீக்கவில்லை. குறிப்பு என்ற கட்டத்தில்
'தொம்மையின் படகு' என்று தட்டினேன்.
ஏழாம் தேதி மறுபடி கிளம்பியிருக்கிறது, அதே திசை.
இருபத்தொன்றாம் கிலோமீட்டரில்
பேட்டரி தீர்ந்தது.
அதன்பிறகு கட்டங்கள் வெறுமை.

"பொறவு அக்கரை சேந்துச்சாம்மா?"

தெரியாது. இந்த வருஷம் திரும்பி வந்தது, என்றேன்.

"அப்ப சேந்துருக்கும்" என்று
அடுத்த நண்டை எடுத்தார்.