கொடுப்பதும் குடிப்பதும்

பிரிக்ஹவுஸில் ரயில் பாலத்து வளைவுக்கடியில் என் கடை.
பிப்ரவரி மாதம். வியாபாரம் மந்தம்.
சிவப்பு வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தேன்:
ஆயிரம் சிசி, நாலு சிலிண்டர்,
நின்றபடியே ஓடுகிற முகம்.
ஹெஸ்டர் ஓல்ட்ராய்ட் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்,
நடுவழியில் படுத்த நாயை விலகி வருவதுபோல.

"ஹல் துறைமுகத்தில் கன்டெய்னர் சீல் பார்க்கும் வேலை.
வாரம் நாலு நாள்.
போகவர நூற்று முப்பது மைல், முழுக்க மோட்டார்வே.
கார் என் சம்பளத்தைத் தின்கிறது."

சின்னதைக் காட்டினேன், நூற்றிருபத்தைந்து.
"கேலனுக்கு நூற்றுப்பத்து மைல் கொடுக்கும்."
"ஊஸ் பாலத்தில் என்னைத் தூக்கி
யார் கையில் கொடுக்கும்?"

எனக்கும் தெரியும் அந்தப் பாலம்.
கூல் தாண்டியதும் சாலை எழும்பும், வயல் தாழும்,
குறுக்கே வரும் காற்று கதவைத் தட்டிவிட்டு வராது.

மூலையில் கிடந்தது சாம்பல் நிறத்தில் ஒன்று,
எழுநூற்றைம்பது, இரண்டு சிலிண்டர்.
ஜெனான் என்றொரு கூரியர்காரன்
பல்செட்டுகளை ஏற்றிக்கொண்டு
லீட்ஸுக்கும் லிவர்பூலுக்கும் அலைந்த வண்டி.
ஐம்பத்தோராயிரம் மைல்.
விளக்கைப் போட்டு அதை நான் யாருக்கும் காட்டியதில்லை.

மண்டியிட்டாள். பற்சக்கரத்தில் விரல் ஓட்டினாள்.
"இரண்டு பல் கொக்கியாகிவிட்டது. செயினும் போச்சு."
பல்செட் சுமந்த வண்டிக்கே பல் போய்விட்டதா என்றேன்.
சிரிக்கவில்லை.

"மைலேஜ்?"
"எண்பது கொடுக்கும். கம்பெனிப் புத்தகத்திலேயே இருக்கிறது."
"கொடுப்பது இருக்கட்டும், குடிப்பது எவ்வளவு?
புத்தகத்துக்காக அளந்த அறைக்குள்
காற்று அடித்ததா?
முன்னால் லாரி தண்ணீர் வாரி இறைத்ததா?"

கார் சாவியை மேசையில் வைத்தாள்.
எதிர் பங்கில் டேங்கை வாய்வரை நிரப்பிப் போனாள்.
இரண்டு டீ குடித்தேன்.
ஒருவேளை வண்டியோடு போயேவிட்டாளோ என்று
அவள் காரை எட்டிப் பார்த்தேன்.
அதை விற்றால் ஒரு டயர் வாங்கலாம்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தாள்.
அதே பங்கு, அதே குழாய், மறுபடி வாய்வரை.
பேனா மூடியைப் பல்லால் கழற்றி
ரசீதின் முதுகில் வகுத்தாள்.
"தொண்ணூறு மைல். ஐந்து புள்ளி நாலு லிட்டர்.
எழுபத்தாறு வருகிறது.
நாலைக் காற்று எடுத்துக்கொண்டது. நியாயம்தான்."

"எத்தனையில் போனாய்?"
"அறுபத்திரண்டு."
"எழுபதுவரை சட்டமே விடுகிறதே!"
"விட்டால்?
ஹல்லுக்கு ஏழு நிமிடம் முந்திப் போய்ச் சேருவேன்.
பூட்டிய கேட்டுக்கு வெளியே
அந்த ஏழு நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?"

சிவப்பில் சும்மா ஒருதரம் உட்கார்ந்து பாரேன் என்றேன்,
வியாபாரி புத்தி.
உட்கார்ந்தாள்.
கைப்பிடி இரண்டையும் பிடித்தாள்.
கொஞ்ச நேரம், நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடவே நேரம்,
பக்கக் கண்ணாடியில் இருபது வயசுக்காரி ஒருத்தி இருந்தாள்.
பிறகு இறங்கி,
"செயின் விலையைக் கழித்துச் சொல்" என்றாள்.

நவம்பர். விடிய இன்னும் நேரமிருந்தது.
உதிரிபாகம் எடுக்க வேனில் ஹல்லுக்குப் போகிறேன்,
எண்பதில், ரேடியோவைத் திட்டிக்கொண்டு.
பாலத்தின் இடது தடத்தில் சாம்பல் வண்டி:
லாரியை ஒட்டாமல், ரொம்ப விலகாமல்,
காற்றுக்கு ஒரு தோளைக் கொடுத்து.
ஹாரன் அடித்துத் தாண்டினேன்.
தலை திரும்பவில்லை.

ஹவ்டன் பக்கம் பெட்ரோல் விளக்கு எரிந்தது.
ஒதுங்கி, இறங்கி,
குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
எண் ஓடுகிறது: நாற்பது, ஐம்பது, அறுபது பவுண்டு.
விரல் விறைக்கிறது.
வேலிக்கு அந்தப்பக்கம்
லாரி ஒன்று போனது.
அதன் பின்னால்,
அறுபத்திரண்டில்,
அவள்.