பதினோரு நிமிடம்

"பதினோரு நிமிடம்தான். கண்ணை எடுத்துவிடாதே"
என்று சொல்லிவிட்டு ஹெல்தூர்
பேருந்துப் பணிமனை மேலாளரின் அழைப்பைக் காதில் வைத்தபடி
முற்றத்துக்குப் போனான்.
நான் முக்காலியில் உட்கார்ந்தேன்.

வோரு நகரத்துப் பிப்ரவரி.
கொட்டகைக் கூரையில் முழங்கால் உயரப் பனி.
பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர்
நான்கு மில்லிமீட்டர் பிர்ச் பலகையில்
நரியின் காதை வெட்டிக்கொண்டிருந்தது.
முந்நூறு துண்டுப் புதிர்.
ரீகாவில் யாருக்கோ கல்யாணப் பரிசு.

காவல் இருப்பதைப் போல் அலுப்பான வேலை
உலகில் வேறில்லை.
முதல் நிமிடம் அழகு.
அந்த ஆரஞ்சுப் புள்ளி ஓடுகிற ஓட்டம்,
பின்னாலேயே அடங்குகிற புகை.
இரண்டாம் நிமிடமே பழகிவிட்டது.
மூன்றில் நகத்தைப் பார்த்தேன்.
நான்கில், சுவரில் அவன் ஒட்டியிருந்த தாளை
மேலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.
பிவிசி வெட்டாதே, அந்தப் புகை நுரையீரலைத் தின்னும்.
அக்ரிலிக் உருகிச் சொட்டும், சொட்டும் எரியும்.
தேன்கூட்டுத் தட்டை வெள்ளிக்கிழமை தவறாமல் சுரண்டு.
ஓடும்போது ஆள் இருக்கணும்
(இதற்கு மட்டும் இரண்டு அடிக்கோடு).
இன்னும் வரிகள் இருந்தன.

தொம்!
கூரைப் பனி மொத்தமும் சரிந்திருக்கிறது.
போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா?
வாசல் வரைக்கும்தான் போனேன்.
காற்றில் பனித்தூள் மினுங்கியது.
காரின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.
போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஹெல்தூர்
அதைக் காட்டிச் சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
ஒரு சிரிப்பு நீளம், அவ்வளவுதான்.

திரும்பினால்
பெட்டிக்குள் அது நின்றுகொண்டிருந்தது.
மஞ்சளாக, சாவகாசமாக,
வாடகை கொடுத்து வெகுநாள் குடியிருப்பதுபோல.
காற்றுக்குழாய் எப்போது கழன்றதோ,
பலகையில் ஊதவேண்டிய மூச்சு
தட்டின் ஓரத்தில் வீணாகச் சீறியது.
நரிக்கு நெருப்பில் ஒரு வால் முளைத்திருந்தது.

நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள்.
என் வாய் திறக்கவே இல்லை.
கை மட்டும் மூடியை நோக்கிப் போயிற்று.
தீயைக் கண்டதும் அதற்கே கதவைத் திறந்துவிடத் தோன்றுகிறதே,
என்ன மனம் இது!
திறந்திருந்தால் கொட்டகைக் காற்று முழுவதும்
அதற்குச் சோறாகியிருக்கும்.
பாதி வழியில் கை நின்றது.
சிவப்புப் பொத்தானைக் குத்தினேன்.
கதிர் போயிற்று, விசிறி போயிற்று,
இத்தனை நேரம் கேட்காதது கேட்டது:
சிறிய, ஈரமான, மெல்லுகிற சத்தம்.
கண்ணாடிக்கு அப்பால் அது மெலிந்தது, சாய்ந்தது,
சாகவில்லை.

கரியமில வாயு உருளையின் ஊசியை
மூன்றாம் முறைதான் இழுக்க முடிந்தது.
மூடியை இரண்டு விரல் அகலம் உயர்த்தி, அந்த இடுக்கில்
வெள்ளையாக ஒரு பெருமூச்சு விட்டேன்.
வெளியே விழுந்த பனிபோலவே இருந்தது.

ஹெல்தூர் வரும்போது
அவன் முகத்தில் கார்ச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.
யாரும் அதற்குச் செய்தி சொல்லவில்லை போலும்.
நான் எழுந்துபோனதைச் சொன்னேன்.
அவன் என்னைத் திட்டவில்லை.
குழாயின் நுனியைக் கையில் எடுத்து
வெகுநேரம் பார்த்தான்.
பிறகு சுவரிலிருந்த தாளின் அடியைக் காட்டினான்.
நான் எட்டாத வரி, பென்சிலில், அவன் கையெழுத்து:
குழாய்க் கவ்வி தளர்வு. மாற்று.
டிசம்பர் ஒன்பது.

கருகிய வாடை ஒரு வாரம் என் முடியில் இருந்தது.

புதுக் கவ்வி வந்த அன்று
மறுபடி அதே நரி, அதே பதினோரு நிமிடம்.
முக்காலியில் நான், பெயின்ட் டப்பாவின் மேல் அவன்.
காது முடிந்து கழுத்துக்கு வந்தபோது
கூரையின் மறுபக்கப் பனி சரிந்தது.
தொம்மோடு இம்முறை
ஏதோ உடைகிற சத்தமும் கேட்டது.
அவன் என்னைப் பார்க்கவில்லை, நான் அவனைப் பார்க்கவில்லை.

காரின் பக்கக் கண்ணாடி என்பதை
சாயங்காலம்தான் கண்டுபிடித்தோம்.