மேற்கு எல்லைக்கோடு

சதுப்பை மண்கொட்டி மூடித்தான்
துரைமார் இந்த மட்டத்தைச் சமன் செய்தார்கள்.
உருளையை இழுத்தவர் பெயர்
ஸ்கோர் புத்தகத்தில் இல்லை.
மழை, மழை, பனி, ஆட்டமில்லை என்று
ஜூலை முழுக்க ஒரே கையெழுத்து.

எழுபத்திரண்டில், மண்டபம் முகாமிலிருந்து
கோத்தகிரிக்கு லாரியில் வந்தவர்களுக்கு
பிட்ச் மேலேயே கூடாரம்.
செவனம்மா பிரசவித்தது
ஷார்ட் லெக் நிற்கும் இடத்தில்.
அந்தப் பிள்ளை மருதவீரன்
பின்னாளில் இடதுகைச் சுழல்.
மேற்கே அடித்தால் பந்து தேயிலைக்குள் போகும்,
கொழுந்தோடு எடைக்கு வரும்.
ஒருமுறை கங்காணி
அதற்கும் சேர்த்துக் கழித்துக்கொண்டார்.

இப்போது சீசனில் கார் நிறுத்தம்.
போன மே மாதம் மிட் ஆஃபில் ஒரு இன்னோவா
அச்சுவரை இறங்கிவிட்டது.
கயிறு கட்டி இழுத்தோம், பதினோரு பேர்.

சக்கரக் குழியில் ஊறியதை
மருதவீரன் அள்ளிப் பார்த்தான்.
குடிக்கலாம் என்றான்.