பை எண் நாற்பத்தொன்று

நேற்று மாலையே மொட்டுக்குப் பை கட்டியிருந்தேன்,
வடிகட்டித் துணியில் நானே தைத்தது.
ஐந்தரைக்குத் திறக்கிறேன்:
அடும்பு, கடலைப் பார்த்து விரிந்த ஊதா,
இன்னும் யாரும் வராத பூ.

இருபது அடி தள்ளிப் பூத்ததன் மகரந்தத்தைத்
தூரிகையில் எடுத்துச் சூல்முடியில் தடவுகிறேன்.
கரைவலை இழுக்க வந்த களஞ்சியம் அண்ணன் கேட்கிறார்,
"என்னம்மா, கல்யாணமா?"
ஆமாம். மதியத்துக்குள் மாப்பிள்ளை வீடே வாடிவிடும்.

நுண்ணோக்கியில்
முள்முள்ளாய் வெள்ளை உருண்டைகள்
கால் முளைக்காமல் கிடந்தன.
ஒவ்வொன்றின் மேல்தோலிலும்
பெற்ற செடி பூசி அனுப்பிய பேர் உண்டு.
சூல்முடி அதைப் படிக்கும்.
என் வீட்டுப் பிள்ளைதான் என்றால்
ஒரு சொட்டுத் தண்ணீர் தராது.

மாரியூரிலும் கேட்பார்கள்,
பஸ்ஸை விட்டு இறங்கும்போதே:
எந்த ஊரு, யாரு மக?
அதே கேள்விதான்.
தண்ணீர் கிடைப்பது மட்டும் வேறு பதிலுக்கு.

நாற்பது பைகள். நாற்பது உதிர்ந்த காம்புகள்.
என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன்.
அப்புறம் ஒருநாள் மணலைக் கிளறிக்கொண்டே நடந்தேன்,
ஒரு கணு, அடுத்த கணு, அதற்கடுத்தது,
உடைந்த வள்ளம் தாண்டி, சவுக்கு தாண்டி,
முந்நூறு அடி.
பக்கத்துப் பூ என்று நம்பியதெல்லாம்
ஒரே கொடி.
தேனீக்களும் இத்தனை நாள் அதைத்தான் செய்தன:
வீட்டிலிருந்து எடுத்து வீட்டுக்கே கொடுப்பது.

நாற்பத்தொன்றாவதுக்கு
வாலிநோக்கத்திலிருந்து கொண்டு வந்தேன்,
மீன்பெட்டி ஐஸில் வைத்து, மடியில்.
கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் கிழித்தார்.

அன்றிரவு அம்மா மூன்று முறை அழைத்தாள்.
அத்தை மகன் மஸ்கட்டிலிருந்து வந்திருக்கிறானாம்.
"விட்டுப் போகாத உறவுடீ."
சார்ஜ் இல்லை என்றேன். இருந்தது.

பூவை வைத்து எதையும் நிரூபிக்க மாட்டேன்.
அதற்குச் சாதி தெரியாது, அத்தை தெரியாது.
குறிப்பேட்டில் காரணம் எழுதக் கட்டமும் இல்லை.

முப்பத்தைந்தாம் நாள் பை கனத்தது.
உருண்டைக் காய். உள்ளே நான்கு விதை,
பூனை முதுகாய்ப் பழுப்பு மயிர்.
மூன்றை உறையிலிட்டு எண் எழுதினேன்.
நான்காவதைக் கணக்கில் காட்டவில்லை.
அலை அதை எடுத்தது, திருப்பிப் போட்டது,
மறுபடி எடுத்தது.